வெள்ளைக் குதிரை வம்சமும் ஓரத்து இலையும்

ஒருவர் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு அரை நிமிஷம் தேய்ப்பது பெரிய வித்தையில்லை. குச்சியை விடுவதற்கு முன்னாலும் எடுத்ததற்குப் பின்னாலும் அந்த வாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தொழில்.

திருத்தணியில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு லேப் இருந்தது. போர்டில்தான் லேப், ஊரார் வாயில் 'ரத்தக் கடை'. சர்க்கரை, உப்பு, காமாலை என்று தொண்ணூறுகள் முழுக்க நிம்மதியாக ஓடியது. இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் கழித்து ஐதராபாத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஆண்களின் உடம்பில் ஒரு சமாசாரம் இருக்கிறதாம். அது அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு, அநேகமாக மாறாமல் இறங்கிக்கொண்டே இருக்குமாம். அதைப் படித்தால் அப்பா வழியில் நம் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் என்று தெரியுமாம். நான் எச்சிலை எடுத்துக் கூரியரில் போட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கும் அப்போது புத்தி எங்கேயோ மேயப் போயிருந்தது. 'உங்கள் தந்தை வழிப் பூர்வீகம் அறிய உள்ளே வாருங்கள்' என்று போர்டு எழுதி மாட்டினேன்.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வளர்த்த யாருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். உள்ளே வந்தார்கள்.

கார்டு போதுமே

முதலில் அந்தப் போர்டைப் படித்தவர் மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்து ராமசேஷன். மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறவருக்கே சர்க்கரை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, "அதென்ன ஓய், புதுசா?" என்றார். விளக்கினேன். நான் குச்சியைத் தூக்கிக் காட்டியதும் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"எச்சிலா? அதைத் தொட்டுட்டு நான் மலையேறிப் போய் நைவேத்தியத்துக்கு அரிசி களையணுமா?" என்றார். மறுபடி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாமே என்றேன். அவருக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சர்க்கரை நாற்பது புள்ளியாவது ஏறியிருக்கும். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று சொன்னார்:

"கோத்திரம், ரிஷி எல்லாத்தையும் தினம் சந்தியாவந்தனத்துல நானே சொல்லிண்டிருக்கேன். உங்க கம்பெனிக்கு வேணும்னா ஒரு கார்டுல எழுதிப் போடறேன், எச்சில் எதுக்குங்காணும்?"

மந்திரியாவது

வந்தவர்களில் பாதிப் பேர் பூர்வீகம் தேடி வரவில்லை, ராஜாவைத் தேடி வந்தார்கள். சோழன் கிடைத்தால் உத்தமம், பல்லவன் என்றாலும் பரவாயில்லை. ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட் வரும். அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்து ஒன்று, அதற்குக் கீழே வரிசையாக நம்பர்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு உலகப் படம். படத்தில் ஒரு சிவப்பு அம்பு ஆப்பிரிக்காவில் புறப்பட்டு வளைந்து நெளிந்து நம் பக்கம் வந்து குத்தி நிற்கும். எல்லாருக்கும் அம்பு ஆப்பிரிக்காவில்தான் புறப்படும், நடுவில் போகிற வழிதான் ஆளுக்கு ஆள் மாறும். இதைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும். குறி தப்பான ஜோசியனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

பைபாஸ் பக்கம் மனை விற்கிற புரோக்கர் ஒருவர், விசிட்டிங் கார்டில் கிரீடம் அச்சடிக்க இடம் விட்டுவைத்துக் காத்திருந்தவர். ரிப்போர்ட்டைக் குப்புறப் போட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எங்கேயும் ராஜா இல்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்:

"ராஜா இல்லன்னா ஒரு மந்திரின்னாவது போட்டுக் குடு சார், நான் இன்னா சிம்மாசனமா கேக்கறேன்?"

மொபெட்டில் வந்த குதிரை

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே மனிதரால் வந்த வினை. வெங்கடரத்தினம் என்று பெயர். திருவாலங்காட்டுப் பக்கத்து கிராமத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர்கள் வீட்டுப் பெயர் தெல்லகுர்ரம். தெலுங்கில் வெள்ளைக் குதிரை என்று அர்த்தம். எங்கள் பக்கம் அந்த ஜனங்களில் வீட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. வீட்டுப் பெயர் வேறாக இருந்தால்தான் பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம்.

கரும்புச் சோகை ஒட்டிய ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் குச்சிக்கு வாய் திறக்கவில்லை, பேசத்தான் திறந்தார். அந்தக் காலத்தில் விஜயநகரத்து ராஜா படையோடு ஒரு தளபதி வெள்ளைக் குதிரையில் வந்தாராம். தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில் ஊர் உண்டாயிற்றாம். அதனால்தான் கங்கையம்மன் ஜாத்திரையில் முதல் மாலை இன்றைக்கும் தெல்லகுர்ரம் வீட்டுக்காம். "எங்க பெருந்தன்மைய கேளுபா. வருசா வருசம் பெரியவங்களுக்குப் படையல் போடறப்போ நடுவுல தளபதிக்கு இலை. நெய்யி, வடை, பாயசம். ஓரத்துல இன்னோரு சின்ன இலை. கேவுரு களியும் கீரையும். யாருக்குன்ற? குதிரைய புடிச்சிகினு கூட வந்தவனுக்கு! இன்னி வரிக்கும் அவன மறக்கலியே நாங்க."

பத்திரம் வேறு இருக்கிறதாம். சிவப்புத் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்து, சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்களாம். பத்திரமே இருக்கும்போது எச்சில் எதற்கு என்று கேட்டேன். ராமசேஷன் காற்று எனக்கும் கொஞ்சம் அடித்திருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்:

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துகினு கீறேன்பா. வர்றவன் எந்த வூட்ல கை நனைக்கறோம்னு தெரிஞ்சிகினு நனைக்கணும்."

அம்பு போன வழி

அவருடைய ரிப்போர்ட்டும் வந்தது. எழுத்து, நம்பர், அம்பு. தளபதியும் இல்லை, குதிரையும் இல்லை. மந்திரி கேட்ட புரோக்கரையே சமாளிக்க முடியவில்லை, இவரிடம் என்ன சொல்வது? "ஐயா, இதுல ஆள் பேரெல்லாம் வராது" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பின் மேல் விரலை வைத்து ஓட்டினார். ஆப்பிரிக்கா, அரபு நாடு, சிந்து, தக்காணம், திருவாலங்காடு. முகம் மலர்ந்துவிட்டது.

அன்றைக்கே ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் ஒரே பெரிய கண்ணாடிச் சட்டத்தில் பரப்பி மாட்டினார். கூடத்தில், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாராம். அங்கே சொல்லப்போகிற வசனத்தை என் கடையிலேயே முதலில் அரங்கேற்றினார். மலேரியா பார்க்க வந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி நிற்கவைத்துச் சொன்னார்:

"ஆப்பிரிக்காவுலேர்ந்து, அவ்ளோ தூரம், குதிரை மேலேயே வந்துகீறாரு பாரு மனுசன்!"

பெண்ணுக்கு இல்லாதது

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். சென்னையில் வேலை, தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். தந்தை வழி டெஸ்ட் வேண்டும் என்றாள். "அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா, பொண்ணுங்க உடம்புல அந்தச் சமாசாரமே கெடையாது" என்று என் பாடத்தை ஆரம்பித்தேன். "தெரியும் சார், நான் விலங்கியல் படிச்சவ" என்றாள். டெஸ்ட் அவளுக்கு இல்லை, பிரசாத்துக்கு. அவள் வெங்கடரத்தினத்தின் மகள் ஹேமா.

பிரசாத் கனகம்மாசத்திரத்து உரக்கடைக்காரர் முனிகிருஷ்ணனின் மகன். ஒரே ரயில், ஒரே பெட்டி, இரண்டு வருஷப் பழக்கம். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் தலையில் இடி விழுந்திருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெயரும் தெல்லகுர்ரம். எந்தத் தலைமுறையில் பிரிந்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது, கல்யாணம் காரியத்துக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஆனால் பெயர் ஒன்று, ஆகவே அண்ணன் தங்கை. "தம்பி மவனுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?" என்று வெங்கடரத்தினம் அவர்கள் பெண் கேட்டுக் கொண்டுவந்த தாம்பாளத்தை எட்டி உதைத்திருக்கிறார். தை பிறந்தால் வேறு இடத்தில் முடித்துவிடுவாராம்.

இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்று என்று வந்துவிட்டால் என்ன செய்வாய் அம்மா என்று கேட்டேன். "ஒண்ணுன்னு வந்தா நானே விட்டுடறேன் சார். அடுத்த நாளே ரயில்ல அண்ணான்னு கூப்பிட்டுடறேன். ஆனா பேரை மட்டும் பாத்துச் சொன்னா விடமாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்ததே தவிர குரல் ஆடவில்லை. உங்கப்பா ரிப்போர்ட்டை அவர் சம்மதம் இல்லாமல் நான் காட்ட முடியாதே என்றேன். அவள் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்:

"நீங்க காட்ட வேணாம் சார். கூடத்துலதான் தொங்குது, ஸ்டூல் போட்டு ஏறி எல்லா நம்பரையும் எழுதிகினு வந்துட்டேன்."

சந்தோஷமான செய்தி

பிரசாத் மாதிரி ஒரு வாயை நான் பார்த்ததில்லை. பயத்தில் குச்சியைக் கடித்துவிட்டான். இரண்டாவது குச்சியையும் கடித்தான். "தம்பி, இது மாத்திரையில்ல, முழுங்காதே" என்று கெஞ்சி, மூன்றாவதில்தான் எடுத்தேன். ஹேமா எதிர்ச்சாரியில் கரும்புச்சாறு கடையில் நின்றுகொண்டு, கிளாஸ் கையில் இருப்பதையே மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றரை மாதமும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாருக்கோ ராஜா வரவில்லை என்றால் எனக்கென்ன? இது அப்படியா? கூரியர்காரனை நான் அவ்வளவு ஆவலாக எதிர்பார்த்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ரிப்போர்ட் வந்தது. எழுத்தே வேறு. நம்பர் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை, அம்பும் வேறு வழியாக வந்திருந்தது. அப்பா வழியில் இந்த இரண்டு வீட்டுக்கும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒட்டுமில்லை உறவுமில்லை. சொன்னதும் ஹேமா முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். பிரசாத்துக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் என் மேஜையில் ஓங்கித் தட்டினான். காதலியைப் பார்த்து இப்படிக் குதூகலமாக ஒருவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்:

"ஹேமா, நமக்குள்ள எந்தச் சம்பந்தமும் இல்லயாம்!"

எப்படிப் பார்த்தாலும் கிடையாது

ஹேமா பிரசாத் ரிப்போர்ட்டை அப்பா முன்னால் விரித்திருக்கிறாள், மூன்றாம் நாள் மொபெட் வந்தது. பின்சீட்டில் கண்ணாடிச் சட்டம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "குச்சிய மாத்திட்டியேடா பாவி!" என்று வெங்கடரத்தினம் தெருவிலிருந்தே ஆரம்பித்தார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பேர் கொடுக்காமலே எழுந்து போனார்கள். பிழைப்பே போச்சு என்று நினைத்தேன். சரி, இன்னொரு தடவை நீங்களே எடுங்கள் என்றேன். தன் கையாலேயே தேய்த்தார், தன் கையாலேயே ஒட்டினார், உறை மேல் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார், கூரியர் ஆபீசுக்கும் தானே எடுத்துப் போனார். ஒன்றரை மாதம் கழித்து அதே எழுத்து, அதே நம்பர், அதே அம்பு.

அதற்குள் அவரும் யோசித்து வைத்திருந்தார். அப்படியானால் முனிகிருஷ்ணன் வீடுதான் போலி. எவனோ எங்கள் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். "நெஜம்னா பங்காளி, பொய்யின்னா போலி. பங்காளிக்கும் பொண்ணு கெடையாது, போலிக்கும் பொண்ணு கெடையாது." எப்படிப் பூட்டுகிறார் பாருங்கள்! பஞ்சாயத்தை ஊரில் வைத்தால் பெண் பெயர் கெடும், அதனால் என் கடையில் வைக்கிறாராம். என் கடை என்ன பாவம் செய்தது? கேட்டால் அடிப்பார். கண்ணாடிச் சட்டத்தைத் திரும்ப மொபெட்டில் கட்டிக்கொண்டே சொன்னார்:

"ரத்தம் பொய் சொல்லும்யா, பத்திரம் பொய் சொல்லாது. வெள்ளிக்கெழம எட்த்துகினு வர்றேன், அந்த உரக்கடைக்காரனையும் வரச் சொல்லு."

சிவப்புத் துணி

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை ஒருக்களித்துச் சாத்தினேன். வெங்கடரத்தினம், ஹேமா, முனிகிருஷ்ணன், நான். முனிகிருஷ்ணன் அமைதியான மனிதர். வயதில் சின்னவர் என்பதால் இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வெங்கடரத்தினம் சிவப்புத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். வருஷா வருஷம் வைத்த மஞ்சளும் குங்குமமும் மேல் தாளில் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. "படிங்கய்யா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பத்திரம் தெலுங்கில் இருந்தது.

எங்கள் தாலுகா ஒரு காலத்தில் சித்தூர் ஜில்லா. பழைய காகிதமெல்லாம் தெலுங்கில்தான். வெங்கடரத்தினம் வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அவர் அப்பா கைநாட்டு. ஆக மூன்று தலைமுறையாகப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்களே தவிர, அந்தப் பத்திரத்தை ஒருத்தர்கூடப் படித்ததில்லை! எனக்குத் தெரிந்த தெலுங்கு எழுத்து திருப்பதி பஸ் போர்டோடு சரி. முனிகிருஷ்ணன் கடைக்குத்தான் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் உரம் வாங்க வருவார்கள். அவருக்குப் படிக்கத் தெரியும். வேறு வழியில்லாமல் போலி என்று சொல்லப்பட்டவர் கையிலேயே பத்திரம் போயிற்று.

அவர் உரக்கப் படித்தார். நான்கு எல்லை, கிணறு, புளியமரம், தெல்லகுர்ரம் வீட்டுப் பெருமை எல்லாம் சரியாக வந்தது. வெங்கடரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று முனிகிருஷ்ணன் நிறுத்திவிட்டார். "வாணாம்ணா. மிச்சத்த வூட்ல வச்சிப் பாத்துக்கலாம்" என்று மடிக்கப் போனார். "படிடா" என்றார் இவர். "அண்ணா..." "படின்றன்ல?" படித்தார். எனக்கு ஆண் சந்தானம் இல்லாதபடியினால், என் ஒரே மகளை, நம் வீட்டுக்கு விறகு சுமந்து போட்டுக்கொண்டிருந்த கட்டெல வீட்டுப் பையனுக்குக் கொடுத்து, அவனை இல்லரிகமாக வீட்டோடு வைத்துக்கொண்டேன். இனி நிலமும் வீட்டுப் பெயரும் ஜாத்திரை மாலையும் அவன் சந்ததிக்கே. அதற்குப் பதிலாக என் முன்னோருக்கு அவர்கள் படையல் போடவேண்டியது. அவன் பிறந்த வீட்டுப் பெரியவர்களுக்கும் ஓரத்தில் ஒரு இலை போட்டுக்கொள்ளலாம்.

இல்லரிகம் என்றால் வீட்டோடு மாப்பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மாப்பிள்ளையே மகனாகிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கட்டெல என்றால் விறகு. ஹேமா அப்பா தோளைத் தொட்டாள். அவர் அதை உணரவே இல்லை. யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப இத்தினி வருசமா யாருக்கோ நெய்ய ஊத்திட்டு, எங்க ஆளுக்குக் களியா போட்டுகினு கீறேன்?"

ஒரு பெஞ்சு, இரண்டு பேர்

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் வரவே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் நாலே பேர். துணியை மறுபடி சுற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டால் மாலை அவருக்கு, மானம் அவருக்கு. பெண் மட்டும் போய்விடுவாள். வெளியே சொன்னால் பெண்ணுக்குத் தடையே இல்லை. ஒரு வீட்டு மகள் வழி வந்த பெண்ணும் அந்த வீட்டுப் பங்காளி வழி வந்த பையனும் கட்டிக்கொள்வது நம் ஜனங்களில் முறையேதான். ஆனால் தளபதி வம்சம் அன்றோடு சரி. ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

பதினோராம் நாள் காலையில் வந்து, ரத்தம் கொடுக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "சண்ட போட்டாகூடப் பரவால்லபா. வேலைக்குப் போறா, வர்றா, சோறு போடறா. பத்து நாளா நைனான்னு ஒரு வார்த்த கூப்பிடல" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் டெஸ்ட்டுக்கு வைத்திருந்த பஞ்சைத்தான் எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குதிர வூட்டுக்காரங்க பொண்ணு குடுத்து எங்க ஆள வாழ வச்சாங்க. நான் ஒரு பொண்ணத் திருப்பிக் குடுத்தா இன்னா கொறஞ்சிபூடும்?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. சட்டைப் பையில் பத்திரத்தின் நகல் துருத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துக் காட்டிவிட்டாராம். சொந்தத் தம்பிகள் இரண்டு பேரும் இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்களாம்.

அந்த நேரம் பார்த்து முனிகிருஷ்ணன் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு உள்ளே நுழைந்தார். இவரைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பப் போனார். இதுவரை வெங்கடரத்தினம் அவரைத் தம்பி என்றாவது, அடே என்றாவதுதான் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கம் சம்பந்திகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற முறை வேறு. பெண் கொடுக்கச் சம்மதித்தவன் வாயிலிருந்துதான் அது வரும். வெங்கடரத்தினம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்:

"பாவா, எங்க ஓடறே? மொதல்ல ஊசிய குத்திக்கோ, அப்பறம் ரெண்டு பேரும் காப்பி சாப்ட்லாம்."

அதே படம்

கல்யாணம் மலைமேல் நடந்தது. அதற்கு முந்தைய வாரம் வீட்டில் பெரியவர்களுக்குப் படையல், என்னையும் அழைத்திருந்தார்கள். இரண்டு இலையும் ஒரே அளவு, பக்கத்தில் பக்கத்தில். தளபதிக்கு நெய்யும் வடையும் குறையவில்லை. விறகு சுமந்தவருக்கும் நெய், வடை, பாயசம். அவர் பழகிய ருசி போய்விடக்கூடாது என்று ஒரு உருண்டைக் களியும் வைத்திருந்தார்கள். வெங்கடரத்தினமே கையால் நெய் ஊற்றினார். போதும் நைனா, இலை ஓடுது என்று ஹேமா சொல்லும்வரை ஊற்றினார்.

அந்த வருஷ ஜாத்திரையில் முதல் மாலையை ஊரார் யாருக்கும் போடாமல் அம்மனுக்கே திரும்பப் போட்டுவிட்டார்கள். பிரசாத் வீட்டார்தானே அசல் குதிரை வீட்டார், அவர்களுக்குப் போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, முனிகிருஷ்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாராம். அவர் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பத்திரம் இருக்கிறது, அவருக்குத் தெலுங்கும் படிக்கத் தெரியும்.

கண்ணாடிச் சட்டம் கூடத்தில் அதே ஆணியில்தான் தொங்கியது. வந்த சம்பந்தி ஜனங்களையெல்லாம் வெங்கடரத்தினம் கையைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்தினார். அதே விரல், அதே அம்பு, அதே ஆப்பிரிக்கா. குரலில் பெருமை ஒரு பிடி கூடியிருந்தது:

"ஆப்பிரிக்காவுலேர்ந்து, அவ்ளோ தூரம், தலையில விறகோட நடந்தே வந்துகீறாரு பாரு மனுசன்!"

அந்த வாரமே போர்டைக் கழற்றிவிட்டேன். ஊரார் கன்னத்தையெல்லாம் தேய்த்த நான் என் கன்னத்தில் மட்டும் அந்தக் குச்சியை இன்றுவரை விட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுப் படையலிலும் யாருக்கென்று தெரியாமல் ஓரத்தில் ஒரு இலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.